சித்தப்பாவுடன் ஜாவா: ஒரு சுதந்திரப் போர் நடந்த ஊர்கள்

ஜாவாவுக்குப் போகிறவர்கள் பொரொபுதூர் கோயிலுக்கும் எரிமலைக்கும் போவார்கள். எங்கள் பயணத்துக்குக் காரணம் ஒரு போர். 1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. பழைய எஜமானரான நெதர்லாந்து ஒப்புக்கொள்ளவில்லை. 1949 டிசம்பர் 27 வரை சண்டை, பேச்சுவார்த்தை, மறுபடி சண்டை.

கூட வந்தவர் சித்தப்பா. வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். "அந்தச் சண்டையில நம்ம பட்டாளம் போய் என்னடா பண்ணுச்சு?" என்று ஒருநாள் அவர் கேட்டதிலிருந்துதான் இந்தப் பயணம் தொடங்கியது. அன்றன்று இரவு போனில் தட்டி வைத்ததைக் கொஞ்சம் சீர்செய்து போடுகிறேன்.

நவம்பர் 9, 2024, சனி. சுரபயா

விமான நிலையத்தில் விசாவுக்கு 5 லட்சம் கேட்டார்கள். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர்கள் ருப்பியாவில் ஆயிரம் என்பது நமக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். 2,600, 2,700 ரூபாய்தான் என்று விளக்கிய பிறகே பையிலிருந்து கை வெளியே வந்தது.

வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறைகிறது. சென்னையின் மே மாதப் புழுக்கம் நவம்பரில். டாக்சி ஓட்டுநர் ஏசியைக் கூட்டிவிட்டு, "இந்தியா? ஷாருக் கான்! அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டினார். அடுத்து வந்த நாட்களில் இந்தத் தலையாட்டலை எத்தனை பேரிடம் பார்த்தோம் என்று கணக்கில்லை. எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள்.

வழியெல்லாம் தேர்தல் தட்டிகள். மாத இறுதியில் உள்ளாட்சித் தேர்தலாம். இந்த ஊர் மேயருக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. அதனால் வாக்குச் சீட்டில் ஒரு பக்கம் அவர் படம், இன்னொரு பக்கம் வெறும் கட்டம். பிடிக்காதவர்கள் வெறும் கட்டத்தில் குத்தலாம். இந்த ஏற்பாடு சித்தப்பாவுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

மாலையில் துஞ்சுங்கான் தெருவில் மஜாபஹித் ஹோட்டல். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய ஆர்மீனியக் குடும்பமான சார்கீஸ் குடும்பம் கட்டியது. டச்சுக்காரர் காலத்தில் இதன் பெயர் ஓரான்யே, உலகப்போரில் தீவைப் பிடித்த ஜப்பானியர் காலத்தில் யமாத்தோ. ஜப்பான் சரணடைந்த பிறகு, சிறை முகாம்களிலிருந்து வெளியே வந்த டச்சுக்காரர்கள் சிலர் 1945 செப்டம்பர் 19 அன்று இதன் உச்சியில் தங்கள் சிவப்பு-வெள்ளை-நீலக் கொடியை ஏற்றினார்கள். கீழே கூட்டம் கூடியது. கைகலப்பில் டச்சுக்காரர் ஒருவர் செத்தார். இளைஞர்கள் சிலர் மேலே ஏறி நீலப் பட்டையை மட்டும் கிழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பறக்கவிட்டார்கள். சிவப்பும் வெள்ளையும்தான் இந்தோனேசியக் கொடி. புதுக் கொடிக்குத் துணி தேட வேண்டிய வேலையே இல்லை.

உள்ளே காபி குடிக்கலாமா என்று விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். வாசல் காவலர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. எங்களைத் தெருவின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், எந்த இடத்தில் நின்றால் கொடிக்கம்பம் படத்தில் முழுசாக விழும் என்று காட்டிக்கொடுத்தார். டிப்ஸ் நீட்டியபோது இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து மறுத்துவிட்டார்.

ராத்திரிச் சாப்பாடு ராவோன். 38,000 ருப்பியா. கெலுவாக் என்ற கொட்டையைப் போட்டுச் செய்யும் மாட்டிறைச்சிச் சாறு, கன்னங்கரேல் என்று இருந்தது. கொள்ளு ரசத்தை இரண்டு நாள் சுண்டவைத்தால் இந்த நிறம் வரலாம். கூடவே முளைவிட்ட பயறு, உப்பு முட்டை, சம்பல் என்ற மிளகாய்ச் சட்னி. நான் வழித்துச் சாப்பிட்டேன். சித்தப்பா மாடு தொடமாட்டார். அவருக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் லொந்தொங் பாலாப். அரிசிக்கட்டி, வதக்கிய பயறு முளை, டோஃபு, மேலே காராமணி வடை. "வடை நம்ம ஊரு வடைதான்" என்று இன்னொன்று கேட்டு வாங்கினார்.

நவம்பர் 10, ஞாயிறு. சுரபயா

இந்தத் தேதிக்காகத்தான் பயணத்தையே இப்படி அமைத்தோம். இங்கே நவம்பர் 10 வீரர்கள் தினம். காலை 8.15க்கு நாடு முழுக்க ஒரு நிமிட மௌனம். நாங்கள் தங்கிய விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த பெண், கரண்டியை வைத்துவிட்டு நேராக நின்றார். முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார். சித்தப்பா அதற்கு முன்னாலேயே எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார். நிமிடம் முடிந்ததும் அடுப்பு பற்றியது, எனக்கு முட்டை வந்தது.

அப்புறம் துகு பஹ்லாவான் என்ற வீரர் நினைவுத் தூண். உயரம் 45 கஜம். தண்டில் 10 பள்ளவரி, 11 கணு. சேர்த்துப் படித்தால் 10-11-45. இந்த மாதிரிக் கணக்குவைத்துக் கட்டுவதில் இவர்களுக்கு ஒரு பிரியம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் காலப் போராளி வேஷத்தில், தலையில் சிவப்பு-வெள்ளைத் துணி, கையில் மூங்கில் ஈட்டி. ஒரு பையனின் ஈட்டி நுனி என் தோள்பையில் மாட்டி, பை கிழிந்தது. அவன் அம்மா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, மறுக்க மறுக்கப் பொட்டலம் கட்டிய வாழைப்பழ அப்பம் இரண்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அருங்காட்சியகம் தூணுக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே. இங்கேதான் சித்தப்பா மௌனமானார்.

இந்த ஊரில் நடந்த மிகப் பெரிய சண்டை டச்சுக்காரரோடு நடந்ததே அல்ல. ஜப்பானியரிடமிருந்து ஆயுதங்களை வாங்கவும் முகாம் கைதிகளை மீட்கவும் என்று சொல்லி 1945 அக்டோபர் 25 அன்று இங்கே இறங்கியது பிரிட்டனின் 49ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடு. மராட்டியர்களும் ராஜபுதனத்துக்காரர்களும். தளபதி பிரிகேடியர் மாலபி என்ற ஆங்கிலேயர். இவர்கள் பின்னால் டச்சுக்காரர்கள் வருவார்கள் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் மாலபி உள்ளூர்த் தலைவர்களோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டார். இரண்டே நாளில், அக்டோபர் 27 அன்று, ஜகார்த்தாவிலிருந்து வந்த விமானம் ஊர் முழுக்கத் துண்டுப்பிரசுரம் வீசியது: 48 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்காவிட்டால் சுடப்படுவீர்கள். இது மாலபிக்கே தெரியாது.

"பாத்தியா? மேலிடத்துக்கும் களத்துக்கும் லைன் இல்ல" என்றார் சித்தப்பா. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை அந்த லைனைப் போடுவதுதான். "இப்பிடித்தான் பசங்க சாவாங்க."

மறுநாள் ஊரே திரண்டு பிரிகேடின் மீது பாய்ந்தது. சிதறி நின்ற சிறுசிறு குழுக்கள் சூழப்பட்டன. புதுக் குடியரசின் ஜனாதிபதி சுகர்ணோவையும் துணை ஜனாதிபதி ஹத்தாவையும் விமானத்தில் வரவழைத்துச் சண்டையை நிறுத்த வேண்டிய நிலைமை. நிறுத்திய கையோடு அக்டோபர் 30 அன்று சிவப்புப் பாலத்துக்கு அருகே நடந்த குழப்பத்தில் மாலபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று பிரிட்டன் இன்னும் பெரிய படையோடு, கப்பல் பீரங்கி, விமானம் எல்லாவற்றோடும் ஊரைத் தாக்கியது. அந்தப் படையும் 5ஆவது இந்திய டிவிஷன்தான். மூன்று வாரம் தெருத்தெருவாகச் சண்டை. செத்த இந்தோனேசியர் ஆறாயிரம் என்பாரும் உண்டு, பதினாறாயிரம் என்பாரும் உண்டு. இரண்டு லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள்.

ஓர் அறையில் பூங் தோமோவின் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போது அவருக்கு 25 வயது. வானொலியில் பேசியே ஒரு ஊரை எழுப்பியவர். மொழி புரியவில்லை. தொண்டை கிழியக் கத்திவிட்டுச் சட்டென்று இறங்கும் அந்தக் குரல் மட்டும் வெளியே வந்த பிறகும் காதில் இருந்தது. சித்தப்பா அந்த அறையில் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்சிக் கூண்டுகளில் பொம்மைச் சிப்பாய்கள். யார் எந்த ரெஜிமெண்ட் என்று பார்க்க அவர் குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சிவப்புப் பாலத்துக்கு பெச்சாவில் போனோம். நம் சைக்கிள் ரிக்‌ஷாதான், ஆனால் ஆள் பின்னால் உட்கார்ந்து மிதிப்பார், நாம் முன்னால். வழியில் வருகிற ஒவ்வொரு லாரியும் நம்மீது ஏறுவதற்கே வருவதுபோல இருக்கும். 30,000 ருப்பியா. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். அவர் பாட்டி அந்த நவம்பரில் மொஜொகெர்த்தோவுக்கு நடந்தே தப்பிப்போனவராம். மொபைல் மொழிபெயர்ப்பில் சித்தப்பா கேட்டார்: "வந்த சிப்பாய்கள் இந்தியாக்காரங்க. உங்களுக்கு எங்க மேல கோபம் இல்லையா?" அவர் சிரித்தார். "கூர்க்கா" என்றார். இங்கே எல்லாருக்கும் அந்தப் படை கூர்க்காப் படைதான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அவங்களும் டச்சுக்காரன் மாதிரி ஒருத்தன்கிட்ட அடிமையாத்தானே இருந்தாங்க" என்று போனில் பேசினார். கிளம்பும்போது சித்தப்பா 50,000 கொடுத்தார். அவர் மிச்சம் 20,000ஐ எண்ணித் திருப்பிக் கொடுத்தார். ஒரு நிமிஷம் இழுபறி. சித்தப்பா தோற்றார்.

பாலத்தைச் சுற்றிய பழைய டச்சுக் கட்டடங்களைப் புதுப்பித்துச் சுற்றுலா இடமாக்கியிருக்கிறார்கள். இளம் பெண்கள் டச்சுச் சீமாட்டி கவுன், அகலத் தொப்பி எல்லாம் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. அரை மணி நேரம் பார்த்த பிறகு, போரில் ஜெயித்தவர்களின் பேத்திகள் விளையாடாமல் வேறு யார் விளையாடுவது என்று தோன்றியது.

நவம்பர் 11, திங்கள். ரயிலில்

ரயில் செயலி நம் ஊர் கார்டை ஏற்கவே இல்லை. நிலையத்தில் வரிசையில் நின்று கிடைத்தது வேறு வேறு பெட்டியில் இரண்டு இடம். ஏசியோ குளிர்பதனக் கிடங்கு அளவுக்கு. சித்தப்பா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார, எதிரில் இருந்த குடும்பம் தங்கள் சால்வையைக் கொடுத்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது அவர் அவர்களோடு அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே நெல், கரும்பு, தேக்கு. மதியுன் என்ற ஊர் வந்தது. இந்தப் போரில் அதிகம் பேசப்படாத ஊர். 1948 செப்டம்பரில் இங்கே கம்யூனிஸ்டுகள் குடியரசுக்கு எதிராகக் கிளம்ப, குடியரசின் படையே அதை அடக்கியது. டச்சுக்காரர் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது வீட்டுக்குள் இப்படி ஒரு சண்டை. ஆனால் அமெரிக்கா இந்தக் குடியரசைப் பார்க்கும் பார்வை மாறியதற்கு இதுவே பெரிய காரணம். அதுவரை டச்சுக்காரரைத் தட்டிக்கேட்கத் தயங்கியவர்கள், அப்புறம் உதவிப் பணத்தை நிறுத்துவோம் என்று மிரட்டும் அளவுக்கு வந்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் மதியுனில் இறங்கும்போது ப்ரெம் என்ற தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். புளித்த அரிசியில் செய்தது. நாக்கில் வைத்ததும் சில்லென்று கரைந்துவிடுகிறது.

நவம்பர் 12, செவ்வாய். யோக்யகர்த்தா

விடுதியில் காலை உணவு: வெள்ளை ரொட்டி, வெண்ணெய், மேலே சாக்லேட் துகள். டச்சுக்காரர் விட்டுப்போன பழக்கம். பக்கத்து மேசையில் வயதான டச்சுத் தம்பதி அதையே ஆனந்தமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாலிக்குப் போகவேண்டியவர்கள், ஃப்ளோரஸ் தீவில் எரிமலை புகைந்ததால் விமானம் நிச்சயமில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கணவருடைய அப்பா 1948இல் இருபது வயதில் கட்டாய ராணுவ சேவையில் ஜாவாவுக்கு அனுப்பப்பட்டவர். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்களை நெதர்லாந்து அனுப்பியது. அதுவும் ஹிட்லரின் படை தங்கள் நாட்டைவிட்டுப் போய் மூச்சுவிடுவதற்குள்.

சித்தப்பா தன் பட்டாளத்து இங்கிலீஷில் முதலில் கேட்டது, "எந்த யூனிட்?" அது அவருக்குத் தெரியவில்லை. "அப்பா என்ன சொன்னார்?" என்று அடுத்து. "மழையைப் பற்றித்தான் சொல்வார். வேறு எதுவும் சொன்னதில்லை" என்றார். 2022இல் அவர்கள் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள், டச்சு ராணுவம் அத்துமீறிய வன்முறையை அங்குமிங்குமாக அல்ல, தொடர்ச்சியாகவே செய்தது என்று முடிவு சொன்னதையும், பிரதமர் மன்னிப்புக் கேட்டதையும் அவரே எடுத்துச் சொன்னார். அதோடு ரொட்டித் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் போரில், 1946 ஜனவரியிலிருந்து, இந்த ஊர்தான் குடியரசின் தலைநகராக இருந்தது. ஜகார்த்தாவில் இருக்க முடியாது என்றானதும் சுல்தான் ஒன்பதாம் ஹமங்குபுவோனோ இடம் கொடுத்தார். இடம் மட்டுமல்ல, தன் கஜானாவிலிருந்து பணமும். 1948 டிசம்பர் 19 அன்று டச்சுக்காரர்கள் பாராசூட்டில் விமானநிலையத்தில் குதித்து ஊரைப் பிடித்து, சுகர்ணோவையும் ஹத்தாவையும் கைதுசெய்தார்கள். அத்தோடு கதை முடிந்தது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். மேற்குச் சுமாத்ராவின் ஹலாபனில் மூன்றே நாளில் அவசர அரசு ஒன்று உட்கார்ந்தது. முப்படைத் தளபதி சுதிர்மான், காசநோயில் ஒரு நுரையீரல் செயலிழந்த நிலையில், படுக்கையிலிருந்து எழுந்து காட்டுக்குப் போனார். ஏழு மாதம், பெரும்பாலும் தூக்கு நாற்காலியில். தளபதியானபோது அவருக்கு 29 வயது. செத்தபோது 34.

ஃப்ரெடெபர்க் கோட்டைக்குப் பக்கத்தில் 1949 மார்ச் 1 நினைவுச்சின்னம். அன்று காலை ஆறு மணிக்கு ஊரடங்கு முடியும் சங்கு ஊதியதும் கெரில்லாக்கள் ஊருக்குள் பாய்ந்து ஆறு மணி நேரம் ஊரைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். களத்தில் படை நடத்தியவர் 27 வயது சுஹார்த்தோ. பிற்பாடு அவர் ஜனாதிபதியாக இருந்த முப்பது வருஷமும் யோசனையும் அவருடையதே என்று பாடம் நடந்தது. 2022இல் இந்த நாளைத் தேசிய நாளாக்கிய அரசாணையில் அவர் பெயரே இல்லை. சுல்தானின் யோசனை, சுதிர்மானின் உத்தரவு என்று இருக்கிறது. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஒரேயடியாக ஏற்றிவைத்ததும் தப்பு, ஒரேயடியாக அழித்ததும் தப்பு என்பது என் எண்ணம்.

மதியம் குடெக். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவைத்தது. பலா என்றதும் ஆசையாக உட்கார்ந்தோம். இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு. சோற்றுக்கு இது சரிவரவில்லை என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. கூட வைத்திருந்த காரமான தோல்கறி மாட்டுத்தோல் என்று தெரிந்து அதை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, மிளகாயைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்தார்.

நவம்பர் 13, புதன். ப்ளாயென்

சித்தப்பாவுக்காகவே போன இடம். ஊரிலிருந்து தென்கிழக்கே குனுங் கிதுல் மலைப்பக்கம். காரும் ஓட்டுநரும் ஒரு நாளுக்கு 5 லட்சம். இந்தத் தடவை எண்ணைக் கேட்டுச் சித்தப்பா அசரவில்லை.

சுற்றுலாப் பயணிகள் யாரும் வராத சின்னக் கிராமம். தேக்கு, மரவள்ளி, ஈரச் செம்மண். மார்ச் 1 தாக்குதல் வெறும் ஆறு மணி நேரம்தான். ராணுவக் கணக்கில் பார்த்தால் பெரிய வெற்றி இல்லை, ஊர் மறுபடி டச்சுக்காரர் கைக்கே போனது. ஆனால் அந்தச் செய்தி இங்கிருந்த விமானப்படையின் ரகசிய வானொலி நிலையம் வழியாகச் சுமாத்ராவுக்குப் போய், அங்கிருந்து கைமாறி ரங்கூனுக்கும் புதுதில்லிக்கும் போய்ச் சேர்ந்தது. குடியரசு செத்துவிட்டது என்று டச்சுப் பிரதிநிதிகள் ஐ.நா.வில் சொல்லிக்கொண்டிருந்தபோது இது வந்தது. அதற்கு முன்பே, 1949 ஜனவரியில், நேரு தில்லியில் ஆசிய நாடுகளைக் கூட்டி இந்தோனேசியாவுக்காகக் குரல்கொடுத்திருந்தார்.

நினைவிடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர், ஒரு விவசாயி வீட்டில்தான் கருவி இருந்தது என்று காட்டினார். ராத்திரியில் தென்னை மரங்களுக்கு இடையே ஆன்டெனா கம்பியைக் கட்டி, விடிவதற்குள் அவிழ்த்துவிடுவார்களாம். சித்தப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. எந்தத் திசையில் கட்டினார்கள், கம்பி எவ்வளவு நீளம், மின்சாரத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேள்விமேல் கேள்வி. பெரியவருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. சித்தப்பாவே தரையில் குச்சியால் கோடு போட்டு, "வடமேற்குப் பக்கம் போகணும்னா கம்பி இப்பிடித்தான் இருந்திருக்கணும்" என்று அவருக்குப் பாடம் எடுத்தார். பெரியவர் குந்தி உட்கார்ந்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒருவர் தமிழில், ஒருவர் ஜாவா மொழியில். நான் நடுவில் போனை நீட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் பேய் மழை. பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம். இனிப்பான சூடான டீ, அவித்த மரவள்ளி. காசு வாங்கவில்லை. செருப்பு இரண்டும் சேற்றில் பிய்ந்துபோய், வழியில் ஒரு சந்தையில் 35,000க்கு ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

நவம்பர் 14, வியாழன். ஙொத்தோ

நகருக்குத் தெற்கே பந்துல் மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு நினைவிடம். 1947 ஜூலை 21 அன்று டச்சுக்காரர்கள் முதல் பெருந்தாக்குதலைத் தொடங்கினார்கள். தங்கள் சொந்த இடத்தில் ஒழுங்கை நிலைநாட்டும் போலீஸ் நடவடிக்கை என்றுதான் அதைச் சொல்லிக்கொண்டார்கள். எட்டு நாள் கழித்து, ஜூலை 29 அன்று, சிங்கப்பூரிலிருந்து செஞ்சிலுவை மருந்து ஏற்றிவந்த டகோட்டா விமானத்தை டச்சு விமானங்கள் இங்கே சுட்டு வீழ்த்தின. அதன் பதிவு எண் விடி-சிஎல்ஏ. விடி என்பது இந்தியாவின் எழுத்து. ஒடிசாவின் பிஜு பட்நாயக் கொடுத்த விமானம். அதே மாதம் அவரே விமானம் ஓட்டிவந்து, இந்தோனேசியாவின் முன்னாள் பிரதமர் ஷாரிரை டச்சு முற்றுகையிலிருந்து வெளியே கொண்டுபோயிருந்தார்.

விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர்தான் பிழைத்தார். செத்தவர்களில் இந்தோனேசிய விமானப்படையை உண்டாக்கிய அதிசுசிப்தோ, அப்துல்ரஹ்மான் சாலே, விமானி ஆஸ்திரேலியர், துணை விமானி ஆங்கிலேயர். பொறியாளர் ஓர் இந்தியர், பெயர் பீதா ராம். மருந்து கொண்டுவந்த இடத்தில் செத்துப்போன இந்த மனிதரைப் பற்றி நம் ஊரில் ஒரு பாடப்புத்தகத்தில் ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

சித்தப்பா பெயர்ப் பலகையில் எழுத்து எழுத்தாகத் தேடினார். பிறகு, "சுரபயாவுல சுட்டதும் நம்ம ஆளு, இங்க செத்ததும் நம்ம ஆளு" என்றார். அங்கேயும்கூட எல்லாரும் சுட்டுக்கொண்டே இருக்கவில்லை, சில நூறு இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயர் படையைவிட்டு இந்தோனேசியர் பக்கம் போய்விட்டார்கள் என்றேன். "தெரியும். ஓடிப்போனவன்னுதான் ரெக்கார்டுல இருக்கும்" என்றார். அவர் அதை மெச்சினாரா குறைசொன்னாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ராத்திரி ரயில்நிலையத்துப் பக்கம் தெருவோரப் பாய்க் கடை. கோபி ஜோஸ்: கட்டங்காபியில் கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக் கரித்துண்டைப் போட்டுக் கொடுப்பார்கள். புஸ்ஸென்று பொங்கும். 7,000 ருப்பியா. ஒரு கைப்பிடிச் சோறும் கருவாடும் மடித்த பொட்டலம் 4,000. சித்தப்பா ஐந்து பொட்டலம் காலி செய்தார். சம்பல் அவருக்குப் போதவில்லை என்று கடைக்கார அம்மா தனியாக அரைத்துக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார். வரவில்லை. கடையே கைதட்டியது.

நவம்பர் 16, சனி. ஜகார்த்தா

நேற்று முழுக்க ரயிலும் தூக்கமும். எழுத ஒன்றுமில்லை.

காலையில் இமாம் பொஞ்சோல் தெரு 1. ஜப்பானிய அட்மிரல் மயேதாவின் வீடு. 1945 ஆகஸ்ட் 16 ராத்திரி இங்கே உட்கார்ந்துதான் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார்கள். சுகர்ணோ கையால் எழுதிய அடித்தல் திருத்தல் உள்ள வரைவு குப்பைக்குப் போனது. பத்திரிகைக்காரர் பி. எம். தியா அதை எடுத்து 1992 வரை வைத்திருந்து அரசிடம் கொடுத்தார். தட்டச்சுப் பிரதியில் ஆண்டு 05 என்று இருக்கிறது. ஜப்பானியக் கணக்கில் 2605. ஒரு எஜமானரின் நாள்காட்டியில் தேதி போட்டு இன்னொரு எஜமானரிடமிருந்து விடுதலை.

பிறகு மெந்தெங் புலோ கல்லறை. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள், ஒரு பக்கம் காமன்வெல்த் கல்லறை, ஒட்டினாற்போல டச்சுக்காரர்களுடையது. மாலபி இங்கேதான் இருக்கிறார். சித்தப்பா அவரைத் தேடவில்லை. இந்தியப் பெயர்கள் இருக்கும் வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். உலகப்போர் முடிந்து, வீட்டுக்குப் போகக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்பது அவருடைய ஆத்திரம். "லீவு சாங்ஷன் ஆன பசங்கடா" என்றார். தோட்டக்காரர் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டினார். சித்தப்பா பெயர், பதவி, ராணுவ எண் மூன்றையும் எழுதினார்.

திரும்பும்போது டாக்சி ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் போர் எப்படி முடிந்தது என்ற கதையைச் சொன்னேன். 1949 நவம்பர் 2 அன்று ஹேக் நகரில் வட்டமேசை மாநாடு முடிந்தது. நெதர்லாந்து ஆட்சியை ஒப்படைக்க ஒப்புக்கொண்டது, மேற்கு நியூகினி தவிர. காலனி அரசின் கடனையும் இந்தோனேசியா தலையில் ஏற்றியது. சுமார் 430 கோடி கில்டர், அதாவது டச்சுப் பணத்தில். அதில் இந்தோனேசியர்களைச் சுடுவதற்குச் செலவான பணமும் உண்டு.

"அடிச்சவனுக்கே கூலியா?"

"ஆமா சித்தப்பா. ஆனா 1956இல் மிச்சத்தைத் தரமாட்டோம்னு சொல்லி ஒப்பந்தத்தையே கிழிச்சிட்டாங்க."

"அப்பிடிச் சொல்லு" என்று இருக்கையில் சாய்ந்தார். ஓட்டுநரைத் தட்டி, கோழி சாத்தே நல்லா எங்க கிடைக்கும் என்று தமிழிலேயே கேட்டார். கோழியும் சாத்தேயும் கையசைவில் புரிந்துவிட்டன போல. அவர் வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார். பத்துக் குச்சி 30,000. கடலைக் குழம்பு தனியாக வேண்டுமென்றால் இன்னும் 2,000.